தேய்மானமா, பிழையா?

பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு உதிரிப் பாகம் விற்போரின் விலைப்பட்டியல்களைப் புரட்டுந்தோறும் ஒரு சொல் நம்மை உறுத்துகிறது. ‘மேம்பாடு’ என்பதே அச்சொல். பாலியூரித்தேன் புஷ், டெலஸ்கோப்பிக் ஷாக் அப்சார்பர், விரைந்து திரும்பும் ஸ்டீயரிங் ரேக், அலுமினியப் பிடிப்பான்கள் என யாவும் அந்த ஒரே தலைப்பின்கீழ் அடுக்கப்பட்டிருக்கின்றன. இவற்றின் அடியில் சொல்லப்படாத ஓர் அனுமானம் இருக்கிறது. 1950களிலும் 60களிலும் அக்கார்களை வடித்த பொறியாளர்கள் தம் வேலையைச் செம்மையாகச் செய்யவில்லை. ஆகவே நாம் திருத்துகிறோம் என்பதே அது.

இந்த அனுமானம் பெரும்பாலும் தவறானது என்பது நம் கருத்து. நேர்சாலையில் அலையும் கார், வளைவில் தயங்கும் கார், மேடுபள்ளத்தில் ஸ்டீயரிங் சக்கரத்தை உதறும் கார் ஆகியவற்றின் உரிமையாளர் அதை வடிவமைப்பின் குறை என்கிறார். அது ஐம்பது ஆண்டுத் தேய்மானத்தின் குறை என்று அவருக்கு எவரும் சொல்வதில்லை. செல்லரித்த ஏட்டில் சிதைந்துபோன எழுத்தைப் புலவனின் பிழையாகக் கருதி, தம் சொந்தச் சொல்லை அங்கே நுழைத்துவிடும் பதிப்பாசிரியரை நாம் அறிவோம். பாடபேதம் ஆராய்வோர் முதலில் கேட்பது, மூலம் என்னவாக இருந்தது என்பதைத்தான். தமிழ் கற்பிக்கும் நமக்கு முன்சக்கர அச்சாணியில் என்ன வேலை என்று நகைக்கும் நண்பர்களுக்கு நம் விடை இவ்வளவே: பட்டறைக் கையேடும் ஓர் உரைநூல்தான், அதையும் மூலத்தோடு ஒப்பிட்டே படிக்கவேண்டும்.

எம்ஜிபி காரை எடுத்துக்கொள்வோம். மினியைப் படைத்தவர் எனப் பின்னாளில் புகழ்பெற்ற அலெக் இசிகோனிஸும் ஜாக் டேனியல்ஸும் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே வகுத்த முன்சக்கர அமைப்பு, 1947-இல் எம்ஜியின் ஒய் வகைக் காரில் வெளிவந்தது. டிடி, எம்ஜிஏ ஆகியவற்றின் வழியாக அது 1962-இல் எம்ஜிபியை அடைந்து, 1980-இல் அக்காரின் உற்பத்தி நிற்கும்வரை அடிப்படை மாறாமல் நீடித்தது. கீழே விஷ்போன், நடுவில் சுருள்வில். மேலே தனியாக விஷ்போன் இல்லை. ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்தின் நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பரின் கைகளே மேல் விஷ்போனாகவும் பணிபுரிகின்றன. இவ்விரண்டையும் இணைத்து நிற்பது கிங்பின். சக்கரம் அதைச் சுற்றியே திரும்புகிறது. முழு அமைப்பும் ஒரு குறுக்குச்சட்டத்தில் பூட்டப்பட்டு, நான்கு போல்ட்டுகளால், ரப்பர் மெத்தைகளின்மேல் உடலோடு சேர்கிறது.

இவ்வமைப்பு உயிர்வாழ்வது கிரீஸால். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கிரீஸ் நிப்பிள்கள். மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை அவற்றுக்கு கிரீஸ் ஏற்றவேண்டும் என்பது உற்பத்தியாளரின் கட்டளை. சக்கரத்தை ஜாக்கியால் தூக்கிச் சுமையை நீக்கிவிட்டு ஏற்றினால்தான் கிரீஸ் உரிய இடங்களுக்கெல்லாம் பரவும். இரண்டாம், மூன்றாம் உரிமையாளர்களின் கையில் இது நடப்பதில்லை. கிங்பின்னின் கீழ்க்கண்ணிலுள்ள புஷ் முதலில் தேய்கிறது. பின்னர் விஷ்போன் ரப்பர்கள் நசுங்குகின்றன. ஷாக் அப்சார்பரின் எண்ணெய் கசிந்து வடிகிறது. குறுக்குச்சட்டத்தின் ரப்பர் மெத்தைகள் பிதுங்குகின்றன. ஒவ்வொன்றும் சிறிதே. நான்கும் சேர்ந்தால் கார் ஓட்டுநரின் சொல்லைக் கேட்பதில்லை.

இந்நிலையில்தான் உரிமையாளர் பாலியூரித்தேன் புஷ் வாங்குகிறார். ரப்பரைவிடக் கடினமான அப்பொருள் பூட்டப்பட்டதும் கார் இறுக்கமாகிறது. “என்ன மாற்றம்!” என்று அவர் வியக்கிறார். அவர் வியப்பது புதிய புஷ்ஷைக் கண்டு; பாலியூரித்தேனைக் கண்டு அன்று. நசுங்கிய ரப்பருக்குப் பதிலாகப் புதிய ரப்பரைப் பூட்டியிருந்தாலும் அவ்வியப்பில் பெரும்பகுதி கிட்டியிருக்கும். போதாதென்று தேய்ந்த கிங்பின் அப்படியே இருக்கிறது. சுற்றிலும் இறுகிவிட்டதால் அதன் ஆட்டம் இப்போது கைக்கு எட்டாமல் மறைந்துவிடுகிறது. நமக்கு அச்சந்தருவது இதுவே.

எம்ஜியே இதற்கொரு நல்ல விடையை வைத்திருந்தது. 1973 முதல் 1976 வரை வந்த எட்டு சிலிண்டர் எம்ஜிபி ஜிடி காரின் கீழ் விஷ்போனுக்கு, நடுவே எஃகுக் குழல் பிணைந்த ஒற்றை ரப்பர் புஷ்ஷை அவர்கள் பயன்படுத்தினார்கள். அது சாதாரண எம்ஜிபிக்கும் பொருந்தும். பழையதைவிட நெடுங்காலம் உழைக்கும். ரப்பரின் மென்மையும் போகாது. கார் தன் சக்கரங்களில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் அதன் போல்ட்டை இறுதியாக முறுக்கவேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து கிழியும். மேம்பாடு என்ற சொல்லுக்கு உரியது இதுதான். அதே பொறியாளர்கள், அதே காருக்கு, தாமே எழுதிய திருத்தம். மறுதயாரிப்பு ரப்பர்களின் தரம் சீராக இல்லை என்பது உரிமையாளர்களின் நெடுநாள் முறையீடு. அதில் உண்மை உண்டு. எனினும் அது நல்ல ரப்பரைத் தேடுவதற்கான காரணமேயன்றி ரப்பரைக் கைவிடுவதற்கான காரணம் ஆகாது.

நெம்புகோல் ஷாக் அப்சார்பரைப் பழமையின் சின்னம் என்று எள்ளுவோர் பலர். எண்ணெய் நிறைந்து, வால்வு செம்மையாக உள்ளவரை அது சாலைக் காருக்குப் போதுமானது. பழுதானதைப் பிரித்துச் சீரமைத்துத் தரும் பட்டறைகள் இன்றும் உள்ளன. மலிவான டெலஸ்கோப்பிக் மாற்றுத் தொகுதிகள் சிலவற்றில் பழைய நெம்புகோல் கழற்றப்படுவதேயில்லை. மேல் விஷ்போனாக அது இருந்தே தீரவேண்டுமல்லவா? அதைச் செயலிழக்கச் செய்து வெறும் கீலாக விட்டுவிட்டு, பக்கத்தில் புதியதைத் தொங்கவிடுகிறார்கள். மேல் விஷ்போனையும் சேர்த்து மாற்றும் முழுத் தொகுதிகளைப் பற்றி நாம் இவ்வளவு கடுமையாகப் பேசமாட்டோம். 1993-இல் எம்ஜி ஆர்வி8 வந்தபோது உற்பத்தியாளரே இரட்டை விஷ்போனுக்கும் டெலஸ்கோப்பிக் ஷாக் அப்சார்பருக்கும் மாறினார்கள். ஆனால் அவர்கள் மாற்றியது முழு வாக்கியத்தை. ஒரு சொல்லை அன்று.

டிரையம்ப் கார்களுக்கு வருவோம். இங்கே பேச்சு சொகுசைப் பற்றியதன்று; உயிரைப் பற்றியது. 1959-இல் வந்த ஹெரால்டிலும், அதிலிருந்து 1962-இல் பிறந்த ஸ்பிட்ஃபயரிலும், முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இணைப்பின் அடிமுனை, மரைகளோடு ஒரு வெண்கல டிரன்னியனுக்குள் இறங்குகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்த மரையே தாங்கியாகச் செயற்படுகிறது. ஹெரால்டு நம்மவர்க்கும் அந்நியமன்று. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக அது உருவானது. டிரன்னியனுக்கு உற்பத்தியாளர் விதித்தது கியர் ஆயில். கிரீஸ் அன்று. எம்ஜிபியில் கிரீஸ் விதியென்றால் இங்கே எண்ணெய் விதி. இவ்வேறுபாட்டை அறியாத கைகள் அங்கும் இங்கும் ஒரே கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்தின. கிரீஸ் நாளடைவில் இறுகி மரையின் அடிவரை செல்லாது நின்றுவிடும். நீர் புகும், உள்ளே எஃகு துருவேறும், வெளியே ஒன்றும் தெரியாது. பின்னொரு நாள் இணைப்பு முறியும், சக்கரம் மடிந்து உள்ளே சாயும். வண்டியை நிறுத்துகையில் மெதுவாகத் திருப்பும்போது முறிந்தால் அது நற்பேறு. நெடுஞ்சாலையில் முறிந்தால் சொல்வதற்கில்லை.

வரலாறு தெரியாத ஸ்பிட்ஃபயர் ஒன்றை வாங்குபவர் முதற்பணத்தைச் செலவிடவேண்டிய இடம் இது. புதிய செங்குத்து இணைப்பு, புதிய டிரன்னியன், அதற்குரிய எண்ணெய். சிவப்பு நிறப் பாலியூரித்தேன் அதற்கு வெகு பின்னால். டிரன்னியனையே நீக்கிவிட்டு வேறு வகைத் தாங்கி பூட்டும் தொகுதிகள் உள்ளன; எண்ணெய் ஊற்ற ஒருபோதும் நினைவிராது என்று தம்மைத் தாமே அறிந்தவர் அதை வாங்குவதில் நமக்கு மறுப்பில்லை.

எண்ணெய் கண்ட டிரன்னியன் எத்தகையது என்பதற்கு லோட்டஸ் இலான் சான்று. 1962-இல் வெளிவந்த அக்காரின் ஸ்டீயரிங்கை இன்றும் உலகின் தலைசிறந்தவற்றுள் ஒன்று என்கிறார்கள். மெக்லாரன் எஃப்1 காரை வடித்த கார்டன் மர்ரே அதன் புகழைப் பாடுவோருள் ஒருவர். அந்த இலானின் முன்புறத்தில் இருப்பது அதே டிரையம்ப் செங்குத்து இணைப்பும் அதே டிரன்னியனும்தான். எடைகுறைந்த உடல், இசைவான வடிவக்கணக்கு, மெல்லிய சக்கரங்கள். மந்திரம் அங்கே இருந்தது, விலையுயர்ந்த பாகத்தில் அன்று.

வடிவக்கணக்கு என்றோம். ஸ்டீயரிங் மாற்றங்களில் மிகுதியும் கோட்டைவிடப்படுவது அதுவே. சக்கரம் மேலும் கீழும் அசையும்போது விஷ்போனின் முனை ஒரு வில்வட்டத்தில் செல்கிறது. ஸ்டீயரிங் கம்பியின் முனையும் ஒரு வில்வட்டத்தில் செல்கிறது. இரண்டும் ஒத்துப்போகும் வகையில் ரேக்கின் உயரமும் நீளமும் கணிக்கப்பட்டிருக்கும். ரேக்கைச் சற்றே உயர்த்தினாலோ, காரை இரண்டு அங்குலம் தாழ்த்தினாலோ வட்டங்கள் பிரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகவே திரும்பும். டிஆர்2, டிஆர்3, பெரிய ஆஸ்டின்-ஹீலி ஆகியவற்றின் பழைய ஸ்டீயரிங் பெட்டியை எடுத்துவிட்டு ரேக் வைப்போர் இதைக் கருதவேண்டும். மாற்றம் தவறன்று, ஜாகுவார் 1954-இல் எக்ஸ்கே140 காரிலும், டிரையம்ப் 1961-இல் டிஆர்4 காரிலும் தாமே ரேக்குக்கு மாறின. அந்தப் பெட்டிகள் நேராகச் செல்லும் நிலையில்தான் அதிகம் தேய்கின்றன. ஆட்டத்தை நீக்க இறுக்கினால் முழுத் திருப்பத்தில் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே குறை உண்மையானது. கணக்கிட்டுச் செய்த தொகுதியா, கையில் கிடைத்த ரேக்கா என்பதே கேள்வி.

சில மாற்றங்களைக் காலமே கோருகிறது. எம்ஜிபியின் கேஸ்டர் கோணம் ஏறத்தாழ 7 பாகை; அக்காலத்துக் கிராஸ்பிளை டயர்களைக் கருத்திற்கொண்டு வகுத்தது. அகன்ற ரேடியல் டயர்களை மாட்டியபின் அதே கோணம் ஸ்டீயரிங்கைக் கனமாக்குகிறது. ஆப்பு வைத்து அதைக் குறைப்பது நியாயமே. தோள்வலியுள்ள முதியவர் ஒருவர் ஸ்டீயரிங் தண்டில் மின்விசை உதவி பூட்டிக்கொண்டால் அதையும் பழிக்கமாட்டோம். விற்றுவிடுவதைவிட ஓட்டுவது நன்று.

இறுதியாக ஒரு கவலை. பிரித்தானியாவில் 2018 மே மாதம் முதல், நாற்பதாண்டு கடந்த, பெருமாற்றம் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் ஆகியவற்றின் வகையையே மாற்றுவது பொதுவாகப் பெருமாற்றமாகக் கொள்ளப்படும். விளைவைப் பாருங்கள்: மாற்றியவரின் காரைச் சோதகர் பார்க்கிறார்; மாற்றாமல், எண்ணெயும் ஊற்றாமல் விட்டவரின் காரை எவரும் பார்ப்பதில்லை. மூலத்தைப் போற்றுவோம் என்ற நம் கட்சிக்கு இது சங்கடமான செய்திதான். காரைச் சாலைக்குத் தக்க நிலையில் வைத்திருக்கும் கடமை உரிமையாளரை விட்டு நீங்கவில்லை. விரும்பினால் சோதனைக்குக் கொண்டுசெல்லவும் தடையில்லை. கொண்டுசெல்லுங்கள் என்பதே நம் வேண்டுகோள். அதற்கு முன்பும் வீட்டில் ஒன்று செய்யலாம். முன்சக்கரத்தைத் தூக்கிப் பாதுகாப்பாகத் தாங்கிவைத்து, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், உள்ளே ஒருவரை அமர்த்திப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பழுது சக்கரத் தாங்கியில். அப்போதும் நிற்காவிட்டால் கிங்பின்னில் அல்லது டிரன்னியனில்.