ஆக்ஸ்ஃபோர்டில் அறை கூட்டுபவள்

டோரத்தி சேயர்ஸின் 'காடி நைட்' பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சி. "கொலையே இல்லை, இதெல்லாம் துப்பறியும் கதையா?" என்பது ஒன்று. பெண்ணியத் துப்பறியும் நாவல்களுக்கெல்லாம் இதுதான் தாய் என்பது இன்னொன்று. முதல் கட்சியோடு மல்லுக்கட்ட நேரமில்லை. பிணம் விழுந்தால்தான் மர்மம் என்பவர்கள் இன்ஸ்பெக்டர் மோர்ஸ் பக்கம் போகட்டும், அந்த ஆக்ஸ்ஃபோர்டில் பிணத்துக்குப் பஞ்சமே இல்லை. என் சண்டை இரண்டாவது கட்சியோடு. (நாவல் வந்தது 1935இல். முடிவைச் சொல்லத்தான் போகிறேன்.)

முதலில் நியாயம். சேயர்ஸ் சாமர்வில் கல்லூரியில் 1915இல் முதல் வகுப்பில் தேறினார். பட்டம் கைக்கு வந்தது 1920இல், ஏனென்றால் அதுவரை ஆக்ஸ்ஃபோர்ட் பெண்களுக்குப் பட்டமே தரவில்லை. தந்த ஏழாம் வருடமே, 1927இல், மாணவிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அந்த எரிச்சல் நாவல் முழுக்கக் கனன்றுகொண்டிருக்கிறது. ஷ்ரூஸ்பரி என்ற கற்பனைப் பெண்கள் கல்லூரியில் மொட்டைக் கடுதாசிகள், நாசமாக்கப்பட்ட ஆய்வுப் பிரதி, தற்கொலை முயற்சி வரை தள்ளப்படும் ஒரு மாணவி. கல்யாணம் ஆகாமல் படித்துக்கொண்டே இருந்தால் புத்தி பிசகும் என்ற ஊர்ப்பேச்சைப் பேராசிரியைகளே பாதி நம்பி, ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள். அந்தப் பேச்சை சேயர்ஸ் உடைக்கிறார். சபாஷ்.

ஆனால் யாரை வைத்து உடைக்கிறார்? ஆனி. அறை கூட்டி, எடுபிடி வேலை பார்க்கும் பணிப்பெண். விதவை, இரண்டு பெண் குழந்தைகள். அவள் புருஷன் வரலாற்று ஆய்வாளன். தன் ஆய்வுக்கு எதிரான ஒரு கடிதத்தை மறைத்தான். மிஸ் டி வைன் என்ற அறிஞர் அதை அம்பலப்படுத்த, பட்டமும் வேலையும் போய், கடைசியில் சுட்டுக்கொண்டு செத்தான்.

பணிப்பெண்கள் மேல் சந்தேகம் ஏன் நிற்கவில்லை தெரியுமா? தொங்கவிட்ட உருவபொம்மையோடு வெர்ஜிலின் லத்தீன் வரிகள் இருந்தன. வேலைக்காரிக்கு லத்தீன் எப்படித் தெரியும்? அது புருஷன் விட்டுப்போன கடைசிக் கடிதத்தில் இருந்தது. அத்தனை மேதைகள் கூடியும் இது ஒருத்திக்கும் தோணலை.

பிடிபட்டதும் ஆனி பொரிந்து தள்ளுகிறாள். ஒரு பழைய காகிதத்துக்காக ஒரு குடும்பத்தையே தெருவில் விட்டீர்களே என்கிறாள். அவள் பேச்சில் பாதி சுத்தப் பிற்போக்கு, மறுக்கவில்லை. பெண் வீட்டோடு கிடக்க வேண்டும் என்கிறாள். என் கேள்வி அங்கேதான். 1927இல் உச்சவரம்பு வைத்தது பணிப்பெண்களா? அங்கி போட்ட கனவான்கள். அவர்களுடைய கருத்தை அப்படியே அறை கூட்டுபவள் வாயில் திணித்துவிட்டு, அவளையே பூதமாகக் காட்டுவது வசதியான வேலை. டி வைன் பின்னால் வருந்துகிறார், அந்தக் குடும்பம் என்ன ஆனது என்று விசாரித்திருக்க வேண்டும் என்று. வருத்தம் உண்மையானதுதான். ஆனால் அது டி வைனின் மனசாட்சியைப் பற்றிய விஷயமாக நின்றுவிடுகிறது, ஆனியைப் பற்றியதாக ஆகவில்லை.

ஆனியை வைத்தியர்கள் கையில் விட்டுவிட்டு, நாவல் லத்தீனில் ஒரு கல்யாணப் பேச்சோடு முடிகிறது. ஆனிக்கு பீட்ரிஸ் என்று ஒரு பெண். மோட்டார் சைக்கிள் ஓட்டணும் என்று ஆசைப்பட்டு அம்மாவிடம் திட்டு வாங்குகிறவள். எனக்கு அவளைப் பற்றி இன்னும் ஒரு அத்தியாயம் வேண்டும்.