கட்ட மோளத்துக்குப் பக்கத்தில் கிதார்

இரவு ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் சந்திப்பில் நின்று பாருங்கள். கம்பெனிப் பேருந்துகள் வரிசையாகத் திரும்பும். ஜன்னலோரத்தில் ஒரு பையன், கழுத்தில் அடையாள அட்டை, காதில் இயர்போன். முன்சீட்டுக் கம்பியில் இரண்டு விரல்கள் தாளம் போடுகின்றன. அப்படி ஒரு தம்பியிடம், “என்னப்பா பாட்டு?” என்று கேட்டோம். “கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ண்ணே” என்றார்.

அந்தக் குழு முதன்முதலில் மேடையேறியது 2018 ஜனவரி 6 அன்று, சென்னை கீழ்ப்பாக்கத்தில். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் திரட்டிய 19 பேர். பெயருக்கு வேர், அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல். சாவு வீட்டு வாசலோடு நிறுத்தி வைத்திருந்த கானாவும் கட்ட மோளமும் சட்டியும் எலெக்ட்ரிக் கிதாருக்கும் ராப்புக்கும் பக்கத்தில் சரிசமமாக நின்றன. முதல் தொகுப்புக்கு ‘மகிழ்ச்சி’ என்றே பெயர் வைத்தார்கள்.

நமக்கு அதில் பெரிதாகப் படுவது நக்கல். இடஒதுக்கீடு, மாட்டுக்கறி எல்லாம் டீக்கடையில் பேசினாலே கைகலப்பில் முடிகிற சங்கதிகள். இவர்கள் அவற்றைத் தெருமுனையில் கூட்டாளியைக் கலாய்க்கிற தொனியில் பாடினார்கள். அழுது பாடியிருந்தால் ‘ஐயோ பாவம்’ என்று கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். சிரித்துப் பாடியதால் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நாம் காரும் டயரும் போனும் செய்கிறோம். வருஷங்கள் ஓடியும் அட்டையில் ‘டிரெய்னி’ என்றே இருக்கும் அண்ணன், ஒரே பாயில் ஷிப்ட் மாற்றித் தூங்கும் அறைத் தோழர்கள், டார்கெட், ஓவர்டைம்: பாட்டுக்கு என்ன பஞ்சம்? 2021 டிசம்பரில் பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள். 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டைப் பற்றியும் நமக்குக் கட்டுரைகள் வந்தன, கவிதைகள் வந்தன. சிரிக்க வைக்கும் பாட்டு ஒன்றுகூட வரவில்லை.

அந்த 19 பேரில் ஒரே பெண்ணாக நின்று பாடியவர் இசைவாணி. 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். நம் விடுதி மொட்டைமாடிகளிலும் பாடுகிற தங்கைகள் இருக்கிறார்கள்.

ஆயுதபூசைக்குக் கச்சேரி வைக்கிறவர்களே, சினிமாப் பாட்டுக்கு நடுவே அரை மணி நேரம் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தம்பிகளே, தங்கைகளே, மெட்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம், வரிகளை அனுப்புங்கள். அடுத்த இதழில் 8 பக்கம் உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம்.