விதைக்கு ஒரு காய் விடுங்கள்!



கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் திராட்சையும் வாழையும்தான் நினைவுக்கு வரும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்துக்கொண்டு கத்தரி, தக்காளி, வெண்டை, அவரை போட்டுப் பிழைக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களும் இங்கே நிறைய உண்டு. விதை மண்ணில் விழும் முன்பே எங்கள் காசு விதைக்கடைக்குப் போய்விடுகிறது.

போன ஆடிப்பட்டத்தில் கடையில் வாங்கிய வெண்டை விதையில் பாதிக்குப் பாதி முளைக்கவில்லை. கேட்கப் போன என் வீட்டுக்காரரிடம், "தண்ணி கூடிப்போச்சு, அதான்" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அதே வாரம், அதே தண்ணீரில், என் மாமியார் பானையிலிருந்து எடுத்து ஊன்றிய அவரை அத்தனையும் முளைத்து நின்றது. "இதுக்கு மட்டும் தண்ணி கூடலையாக்கும்?" என்று கேட்டார் அத்தை.

வீரிய ஒட்டு விதையில் காய்ப்பு கூடுதல்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காயில் விதை எடுத்து மறுபடி போட்டால் தாய்ச்செடி மாதிரி வராது. நெட்டை ஒன்று, குட்டை ஒன்று என்று பிரிந்துபோகும். அப்புறம் வருஷா வருஷம் கடை வாசலில்தான் நிற்கவேண்டும். நாட்டு ரகத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

"நாட்டு விதையா? அது அந்தக் காலம் மதினி" என்று சிரிக்கிறார்கள். நம் பெரியகுளத்திலிருந்து வெளிவந்த பி.கே.எம். 1 தக்காளி எதிலிருந்து வந்தது தெரியுமா? அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து! பி.கே.எம். 1 கத்தரி, புழுதிக்கத்தரியிலிருந்து வந்தது. ஊரெல்லாம் புகழும் பி.கே.எம். 1 செடிமுருங்கைகூட, எப்போதும்வென்றான் நாட்டு முருங்கையிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான். யாரோ ஒரு வீட்டில் விதையைக் காப்பாற்றி வைத்திருக்காவிட்டால் விஞ்ஞானிகள் எதை வைத்து ஆராய்ந்திருப்பார்கள்? அந்த வீட்டில் விதைப்பானையைப் பார்த்துக்கொண்டது பெண்ணாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

விதை எடுப்பது கம்ப சூத்திரம் இல்லை, சமையல் தெரிந்தவர்களுக்கு இதுவும் வரும். நோய் இல்லாமல் நன்றாகக் காய்க்கிற செடியாகப் பார்த்து, ஆரம்பக் காய்ப்பிலேயே நல்ல காய்க்குத் துணி கட்டி விடுங்கள், பறிக்கிறவர்கள் தொடமாட்டார்கள். கடைசியில் சூம்பிக் கிடப்பதை விதைக்கு விடுவது கூடாது. கத்தரி மஞ்சளாகப் பழுத்ததும் பிசைந்து தண்ணீரில் அலசினால் பொக்கு மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். தக்காளிச் சாற்றை விதையோடு இரண்டு நாள் புளிக்க வைத்துக் கழுவினால் வழவழப்பு போய்விடும். வெண்டையைச் செடியிலேயே நெற்றாக விடவேண்டும். எல்லாவற்றையும் நிழலில் காயவைத்துச் சாம்பல் கலந்து வைக்கலாம். சுரை, பீர்க்கு விதையைச் சாணத்தில் பதித்து வரட்டியாகச் சுவரில் தட்டி வைப்பார் எங்கள் அப்பத்தா. ஒன்று மட்டும் கவனம்: சுரை, பீர்க்கு, பாகல் மூன்றிலும் பக்கத்துத் தோட்டத்து வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து கலந்துவிடும். அண்டை அயலார் பேசிவைத்து ஒரே ரகமாகப் போடுவது நல்லது.

"வீட்டு விதையை வித்தா கேஸ் போடுவாங்களாமே" என்று எங்கள் சுய உதவிக் குழுவில் ஒருவர் பயந்தார். பயமே வேண்டாம். 2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தில், தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு. பதிவு பெற்ற ரகத்தைப் பெயர் அச்சிட்ட பாக்கெட்டில் போட்டு விற்பதற்குத்தான் தடை.

வீட்டு ஆண்கள், "சந்தைக்குப் போனா காசாகிற காயை முத்தவிடுறியே" என்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நாலு கத்தரிக்காயில் அடுத்த பட்டத்துக்கு நாற்றே விடலாம். எங்கள் குழுவில் மாதக் கூட்டத்துக்குச் சேமிப்புப் பணத்தோடு ஆளுக்கு ஒரு பிடி விதையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். அவரையும் வெண்டையும் சேர்ந்துவிட்டன. புழுதிக்கத்தரி மட்டும் எங்கள் தெருவில் யாரிடமும் இல்லை. இதைப் படிக்கும் சகோதரிகள் வீட்டுப் பானையில் இருந்தால், எங்களுக்கும் ஒரு பிடி கொடுங்களேன். பதிலுக்கு அவரை விதை தருகிறோம்.

— ஒரு வாசகி, சின்னமனூர்.