கருவண்டு பிறக்கும் இடம்



மீளக்குடியமர்ந்த வளவுகளில் வீட்டுவேலை முடியும் முன்பே தென்னம்பிள்ளை நட்டிருப்பதைக் காண்கிறேன். தனித்து நின்று குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு அது 5, 6 வருடங்களின் பின் வரப்போகும் வருமானம். அந்தப் பிள்ளையின் குருத்து வாடினால் எங்கள் மனமும் சேர்ந்து வாடுகிறது.

கீரியில் ஒரு சகோதரியின் தென்னம்பிள்ளையில் ஓலைகள் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல முக்கோணமாக அறுபட்டிருந்தன. எல்லைவேலித் தகராறில் இருந்த அயல்வீட்டார்தான் வெட்டினார்கள் என்று அவர் நம்பினார். இரு வீட்டுக்கும் பேச்சில்லை. குருத்தடியில் இருந்த துளையையும் அதன் வாயில் தள்ளியிருந்த சக்கையையும் காட்டிய பிறகே சந்தேகம் தீர்ந்தது. வெட்டியது கருவண்டு. அது இரவில் பறந்து வந்து, விரியாத குருத்தைத் துளைத்துச் சாற்றைக் குடிக்கும். மடிந்திருக்கும் குருத்தில் போட்ட துளை, ஓலை விரிந்ததும் வரிசையான வெட்டுகளாகத் தெரியும்.

இந்த வண்டு பச்சை மரத்தில் பிறப்பதில்லை. உக்கும் மாட்டெருவிலும் குப்பையிலும், விழுந்து கிடக்கும் தென்னங்குற்றிகளிலும் முட்டையிடும். எருவைக் கிளறும்போது பழுப்புத் தலையுடன் வளைந்து கிடக்கும் தடித்த வெள்ளைப் புழு அதன் குஞ்சுதான். சில மாதங்கள் உக்கலைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, பின் வண்டாகப் பறக்கும்.

யுத்தத்துக்கும் இதற்கும் தொடர்புண்டு. பசுபிக் சமுத்திரத்தின் பலாவு தீவுகளுக்கு இவ்வண்டு 1942 அளவில், இரண்டாம் உலக யுத்த காலத்தில் வந்து சேர்ந்தது. விழுந்து உக்கிய மரங்களில் பெருகி, சுமார் 10 வருடங்களில் அங்குள்ள தென்னைகளில் ஏறத்தாழப் பாதியை அழித்தது. எங்கள் யுத்தம் 2009 இல் முடிந்தது. ஆனாலும் உரியவர் திரும்பிவராத வளவுகளில் சாயும் மரங்களை அகற்ற இன்றும் ஆளில்லை.

நாம் செய்யக்கூடியவை இவை. எருக்குவியலை மாதம் ஒருமுறையாவது புரட்டுங்கள். கோழிகளை விட்டால் புழுக்களைப் பொறுக்கித் தின்னும். விழுந்த குற்றிகளைப் பிளந்து காயவைத்து விறகாக்குங்கள். துளைக்குள் முனை வளைந்த கம்பியை விட்டு, குருத்துக்குக் காயம்படாமல் வண்டைக் குத்தி எடுங்கள். துணிகளுக்குள் வைக்கும் பூச்சி உருண்டைகள் 3ஐ உள்மட்டைகளின் இடுக்கில் வைத்து மணலால் மூடுங்கள். 45 நாளுக்கொருமுறை புதிதாக வையுங்கள். அது நஞ்சு. பிள்ளைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவண்டு போட்ட காயத்தில் செவ்வண்டு முட்டையிடலாம். அதன் புழு மரத்தின் உள்ளிருந்து தின்பதால் முழு மரமே பட்டுப்போகும். தண்டில் மண்ணிறச் சாறு வடிந்தால் தாமதியாமல் தெங்குப் பயிர்ச்செய்கைச் சபை உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள்.

வண்டுக்கு எல்லைவேலி கிடையாது. ஒரு வளவை மட்டும் துப்புரவாக்கினால் அடுத்த வளவிலிருந்து வரும். ஆகவே மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ஆளில்லாத வளவுகளுக்குள் நாமாகப் போகாமல், கிராம அலுவலர் மூலம் உரியவரின் சம்மதம் பெற்று, ஒருநாள் சிரமதானம் வையுங்கள். பேச்சில்லாமல் இருக்கும் அயல்வீட்டாரையும் மறக்காமல் கூப்பிடுங்கள். அவர்கள் வளவிலும் ஒரு தென்னம்பிள்ளை நிற்கும்.