பக்கத்தில் நின்றவரின் முகத்தைப் பார்த்தான்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், அப்பா நினைவு நாளுக்கு ஏதாவது ஹோமில் மதியச் சாப்பாடு போடலாம் என்று இருக்கிறோம். மனவளர்ச்சி குன்றியவர்கள் இருக்கிற ஹோம் தெரியுமா?" என்று கேட்டாள். நல்ல மனசு. ஆனாலும் எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏன் என்று இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

உறவினர்களுக்குத் தெரியும், என் அக்கா மகனுக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. வயது 38. அக்கா இருந்தவரை, தினமும் காலையில் முனைக்கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வருவது அவன் வேலை. கட்டம் போட்ட சட்டைதான் போடுவான், பாக்கெட்டில் பேனா இருக்க வேண்டும். காபி அவனுடைய எவர்சில்வர் டம்ளரில்தான் குடிப்பான். ஒரு நாளைக்குப் பத்து தடவை "இது வேணும், அது வேணாம்" என்று அக்காவை ஒரு வழி பண்ணிவிடுவான்.

அக்கா போன பிறகு எல்லோரும் கூடிப் பேசினோம். அவள் மகளுக்கு வெளியூரில் வேலை. எனக்கு முழங்கால் வலி, மாடி வீடு. கடைசியில் ஒரு ஹோமில் சேர்த்தோம். நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தோம். டைல்ஸ் தரை, சுத்தமான சமையலறை, கேமரா, மூன்று வேளைச் சாப்பாடு. "இதைவிட வேறென்ன வேண்டும்?" என்று சொன்னதே நான்தான்.

இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். யாருடைய சட்டையோ அவன் தோளில் தொங்கியது. "என்னப்பா வேணும், சித்தி வாங்கித் தரேன்" என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற வார்டன் முகத்தைப் பார்த்தான். அப்புறம், "ஒண்ணும் வேணாம்" என்றான்.

அன்றைக்கு யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். விருந்தினர் வர ஒன்றே முக்கால் மணி ஆயிற்று. அதுவரை இலை போடவில்லை. கைதட்டச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள், போட்டோ எடுத்தார்கள். அவனும் கைதட்டினான். போன மாதம்தான் அவனுடைய பிறந்தநாள். ஹோமில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நானும் மறந்திருந்தேன்.

அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை. 22 பேருக்குப் பகலில் இரண்டு ஊழியர், இரவில் ஒருவர். யாருடைய சட்டை எது, யாருக்கு எந்த டம்ளர் என்று அவர்கள் எப்படி நினைவில் வைப்பார்கள்? வேலைக்கு வரும் பெண்கள் ஆறு மாதம் நிற்பதில்லை, சம்பளம் அப்படி. தன் தேவையைச் சரியாகச் சொல்லத் தெரியாதவனுக்குப் பழகிய ஆள் போய்விட்டால், அவன் ஜாடை புரிந்த ஒரே ஆளும் போன மாதிரிதான்.

குறை சொல்ல எனக்கும் தகுதி குறைவு. சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்று நான் கடைசி பெஞ்சில் உட்கார வைத்த பிள்ளைகள் உண்டு. அட்டெண்டன்ஸ் போட்டேன், சத்துணவுக்கு அனுப்பினேன், பாடம் சொல்லித் தரவில்லை. அந்த ஹோமும் அதைத்தானே செய்தது?

சட்டம் இதைவிட அதிகம் சொல்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, அவர்களுக்குச் சமூகத்தோடு சேர்ந்து வாழ உரிமை உண்டு, குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஊருக்கு வெளியே, பூட்டிய கேட்டுக்குள் இருந்துகொண்டு அந்த உரிமையை எப்படி அனுபவிப்பது?

இப்போது அவன் டவுனில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறான். அவனோடு சேர்த்து நான்கு பேர், உடன் தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு கணவன் மனைவி. நான்கு குடும்பமும் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறோம். மறுபடி காலையில் பால் வாங்கப் போகிறான். ஒரு தடவை நூறு ரூபாயைத் தொலைத்துவிட்டான். ஒரு தடவை பஸ் மாறி ஏறிவிட்டான், இரண்டு மணி நேரம் எங்களுக்கு உயிரே இல்லை. இருந்தாலும் திரும்ப அந்த கேட்டுக்குள் விட மனசு வரவில்லை.

எல்லோராலும் இது முடியாது, தெரியும். அரசு மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. அதில் வாடகையின் ஒரு பங்குகூடத் தேறாது. பெரிய பெரிய கட்டடங்களுக்குத் தரும் பணத்தை, டவுனுக்குள் இப்படிச் சின்ன வீடுகளுக்கும், பார்த்துக்கொள்பவர்களின் நல்ல சம்பளத்துக்கும் தரலாம். இதுதான் என் கருத்து.

வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருப்பவர்களுக்கு:

1. நீங்கள் இருக்கும்போதே ஏற்பாடு செய்யுங்கள். 18 வயதுக்கு மேல் பெற்றோர் தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். அக்கா இதைச் செய்யாமல் போனதால் நாங்கள் அலைந்தோம்.

2. 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

3. ஹோம் பார்க்கப் போனால் சொல்லாமல் போங்கள். தரையைப் பார்க்காதீர்கள், அலமாரியைப் பாருங்கள். ஆளுக்கொரு அலமாரி இருக்கிறதா? கடைசியாக எப்போது வெளியே போனார்கள்? ஊழியர் எத்தனை வருடமாக இருக்கிறார்? அங்கே இருப்பவரிடம் ஏதாவது கேட்டால், பதில் சொல்லும் முன் யார் முகத்தைப் பார்க்கிறார்?

என் மாணவிக்குச் சொன்ன பதில் இதுதான்: "சாப்பாடு போடும்மா, நல்லது. ஆனால் என்ன சமைக்கலாம் என்று முதல் நாளே அவர்களைக் கேள். நேரத்துக்கு இலை போடு. போட்டோ வேண்டாம். அதோடு விடாதே. மாதம் ஒரு தடவை போய், அனுமதி கேட்டு, ஒருத்தரையாவது கடைத்தெருவுக்குக் கூட்டிப்போ. அவர் கையில் காசைக் கொடுத்து, அவருக்குப் பிடித்ததை அவரே வாங்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறாள். உங்களில் யாராவது கூடப் போகிறீர்களா? கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்