வெறுங்கை தேடித் தந்த உறவு



மனிதன் கற்கும் கலைகளுள் சில, வயது ஏற ஏற மெருகேறுகின்றன. எழுத்தும் பேச்சும் அத்தகையவை. வேறு சில கலைகளோ உடலை நம்பி நிற்பவை. உடல் தளரும்போது அவையும் தளர்ந்து போகின்றன. இருபது வயதில் தலைக்கு மேல் உயர்ந்த கால், எழுபது வயதில் இடுப்பளவு உயர்வதே அரிதாகிவிடுகிறது. அப்படியானால், தன் வாழ்நாள் முழுவதையும் ஒரு தற்காப்புக் கலைக்கே அளித்துவிட்ட மனிதருக்கு முதுமையில் எஞ்சி நிற்பது என்ன?

இக்கேள்விக்கு விடை சொல்ல ஒருவரின் வாழ்வே போதும். இன்று உலகெங்கும் பயிலப்படும் கராத்தேக் கலையை ஒகினாவாத் தீவிலிருந்து ஜப்பானியத் தலைநகருக்குக் கொண்டு சென்று பரப்பியவர்களுள் முதன்மையானவர் கிச்சின் ஃபுனாகோஷி. அவருடைய கைவீச்சின் வலிமையைப் பற்றி எழுதியோர் பலர். அக்கலையின் வழியே அவரைச் சுற்றி உருவான மனிதக் கூட்டத்தைப் பற்றியே இங்கு உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1868ஆம் ஆண்டு ஒகினாவாவின் ஷூரி நகரில் பிறந்தார் ஃபுனாகோஷி. குறைமாதக் குழந்தை. நெடுநாள் உயிர் தரிக்குமா என்று உற்றார் அஞ்சிய குழந்தை. பள்ளித் தோழன் ஒருவனின் தந்தையான அன்கோ அசாதோ, அக்கலையில் கைதேர்ந்தவர். அவரிடமும், அவருடைய நண்பர் அன்கோ இதோசுவிடமும் அச்சிறுவன் பயிலத் தொடங்கினான். அக்காலத்தில் இக்கலை வெளிப்படையாகக் கற்பிக்கப்படவில்லை. இரவு நேரத்தில், விளக்கொளியில், ஆசானின் வீட்டு முற்றத்தில் பயிற்சி நடக்கும். ‘காத்தா’ எனப்படும் அசைவு வரிசைகளில் ஒன்றையே மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆசான் ‘போதும்’ என்று சொல்லும் வரை அடுத்ததற்குச் செல்ல இயலாது. ஒரே பெயருடைய மூன்று காத்தாக்களைக் கற்றுத் தேறவே தமக்குப் பத்தாண்டுகள் பிடித்தன என்று ஃபுனாகோஷி பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

பொறுமையின் அருமையை இதைவிடத் தெளிவாக உணர்த்த முடியுமா? இரண்டே ஆண்டுகளில் கறுப்பு பெல்ட் வேண்டும் என்று பிள்ளைகளும், பிள்ளைகளைவிட அதிகமாகப் பெற்றோரும் துடிக்கும் இக்காலத்தில் இச்செய்தியைச் சற்றே நிதானித்துப் படிக்க வேண்டும்.

அவர் பிழைப்புக்காக மேற்கொண்டது ஆசிரியப் பணி. 1888இல் உதவி ஆசிரியராகச் சேர்ந்து முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் பணியாற்றினார். ஊதியமோ சொற்பம். குடும்பமோ பெரிது. அவருடைய மனைவி பகலில் தோட்டத்தில் காய்கறி பயிரிட்டும், இரவில் துணி நெய்தும் குடும்பப் பாரத்தைத் தாங்கினார். அத்துடன் நில்லாமல் கணவரின் கலையையும் கற்றுக்கொண்டார். களைப்பு மிகுந்த நாட்களில் படுத்து ஓய்வதற்குப் பதிலாகக் காத்தா பயில்வார். கணவர் வீடு திரும்பத் தாமதமானால், காத்திருக்கும் மாணவர்களுக்கு அவரே வழிகாட்டுவார். தெருவில் சச்சரவு மூண்டால் இடையில் சென்று சமாதானம் செய்து வைப்பார். ஆசானைச் சூழ்ந்த அந்தக் கூட்டம் அவருடைய வீட்டுக்குள்ளேயே தொடங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

1922ஆம் ஆண்டு, ஐம்பத்து மூன்றாம் வயதில், டோக்கியோவில் நடைபெற்ற உடற்பயிற்சிக் கண்காட்சியில் கராத்தேயை விளக்கிக் காட்ட அவர் அனுப்பப்பட்டார். சில நாட்களில் ஊர் திரும்புவதே எண்ணம். ஆனால் ஜூடோக் கலையின் நிறுவனர் ஜிகோரோ கானோ அவரை அழைத்துத் தம் பயிற்சிக்கூடத்தில் செய்துகாட்டும்படி வேண்டினார். ஆர்வலர்கள் பெருகினர். ஃபுனாகோஷி தலைநகரிலேயே தங்கிவிட்டார். குடும்பத்தை விட்டு வந்த அந்த மனிதரின் கையில் காசில்லை. ஒகினாவா மாணவர்களுக்கான ஒரு விடுதியில் சிறு அறை கிடைத்தது. அதற்கு ஈடாக விடுதிக்குக் காவலராகவும் தோட்டக்காரராகவும் இருந்தார். மாணவர்களின் அறைகளைக் கூட்டிச் சுத்தம் செய்தார். விடுதிச் சமையற்காரருக்குக் கராத்தே கற்றுக் கொடுத்து, அதற்குப் பதிலாகச் சாப்பாட்டுச் செலவில் சலுகை பெற்றார்.

ஒருநாள் பத்திரிகை நிருபர் ஒருவர் அவரைப் பேட்டி காண வந்தார். தோட்டத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த முதியவரிடம், ‘கராத்தே ஆசிரியர் எங்கே?’ என்று விசாரித்தார். ‘சற்றுப் பொறுங்கள்’ என்று சொல்லி உள்ளே சென்ற முதியவர், முறையான உடை அணிந்து திரும்பி வந்து, ‘நான்தான் ஃபுனாகோஷி’ என்று அறிமுகம் செய்துகொண்டார். திகைத்துப் போனார் நிருபர். பணியால் மனிதர் தாழ்வதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இன்னொரு நிகழ்ச்சி. கையில் ஒன்றுமில்லாத ஒரு நாளில், பழைய தொப்பி ஒன்றையும் ஒகினாவாவில் கையால் நெய்த உடை ஒன்றையும் எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குச் சென்றார். இரண்டும் பெரிய மதிப்புடையவை அல்ல. ஆயினும் கடைக்காரர் கொடுத்த தொகை அவர் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்தது. காரணம் பின்னரே தெரியவந்தது. கடையில் வேலை பார்த்தவரின் தம்பி, ஃபுனாகோஷியிடம் கராத்தே பயிலும் மாணவர்! ஆசானின் தன்மானம் புண்படாதவாறு, உதவி என்று சொல்லாமலே உதவிய அந்தப் பண்பைப் பாருங்கள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத கொடை என்பது இதுதான் அல்லவா?

இத்தகைய பற்று எங்கிருந்து பிறக்கிறது? கராத்தே பயிலும் முறையிலேயே அதற்கான விதை இருக்கிறது. காத்தாவைத் தனியே செய்யலாம். ஆனால் எதிர்ப்பயிற்சிக்குத் துணை வேண்டும். எதிரே நிற்பவன் முழு வேகத்தில் குத்துகிறான். அக்குத்து முகத்துக்குச் சற்று முன்பாக நிறுத்தப்பட வேண்டும். நிறுத்துவான் என்று நம்பித்தான் நீங்கள் நிற்கிறீர்கள். உங்கள் கையும் நிற்கும் என்று நம்பித்தான் அவனும் நிற்கிறான். ஒருவன் உடலை மற்றவனிடம் அமானிதமாக ஒப்படைக்கும் செயல் இது. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே நின்றவர்கள் ஒருவரையொருவர் எளிதில் மறப்பதில்லை.

அடிக்கக் கற்பதைவிட அடியை நிறுத்தக் கற்பதே கடினம். அண்மைக் காலச் சான்று ஒன்றைச் சொல்கிறேன். 2021இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் முதன்முறையாகக் கராத்தே இடம்பெற்றது. ஆண்களுக்கான அதிக எடைப் பிரிவின் இறுதிப் போட்டியில் சவூதி அரேபியாவின் தாரிக் ஹாமிதியும் ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்ஸாதேவும் மோதினர். ஹாமிதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அப்போது அவர் விட்ட உதை, கஞ்ச்ஸாதேவை நினைவிழந்து விழச் செய்தது. வேறு போர்க்கலைகளில் அதுவே வெற்றியாக இருந்திருக்கும். கராத்தேயின் விதிப்படி, அளவு மீறிய தாக்குதல் என்று கருதி ஹாமிதியைத் தகுதி நீக்கம் செய்தனர் நடுவர்கள். வீழ்ந்தவருக்குத் தங்கம். வீழ்த்தியவருக்கு வெள்ளி. அத்தீர்ப்பைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. எனினும், எதிரே நிற்பவனின் பாதுகாப்பு உன் பொறுப்பு என்னும் அடிப்படை அவ்விதியில் அடங்கியிருப்பதை மறுக்க இயலாது.

மரியாதையில் தொடங்கி மரியாதையிலேயே முடிவது கராத்தே என்பதும், முதல் அடி நம்முடையதாக இருத்தல் ஆகாது என்பதும் ஃபுனாகோஷி வகுத்த நெறிகள். நம் மூத்தோர் ‘அதபு’ என்று எதைச் சொன்னார்களோ, ஏறத்தாழ அதையே அவர் கலையின் தலைவாசலில் வைத்தார். தொடக்கத்தில் ‘சீனக் கை’ என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதப்பட்ட கராத்தே என்னும் பெயர், ‘வெறுங்கை’ என்று பொருள்படும் எழுத்துகளுக்கு மாற உழைத்தவர்களுள் அவர் முக்கியமானவர். ஆயுதம் இல்லாத கை என்பது மட்டுமன்று, தீய எண்ணமும் செருக்கும் இல்லாத மனம் என்ற பொருளையும் அவர் அதில் கண்டார்.

1924இல் கெயோ பல்கலைக்கழகத்தில் கராத்தேக் குழு உருவாயிற்று. பிற பல்கலைக்கழகங்களும் தொடர்ந்தன. ஆண்டுகள் சென்றன. இவ்வளவு பேருக்குக் கற்பித்த ஆசானுக்குச் சொந்தமாக ஒரு பயிற்சிக்கூடம் இல்லையே என்று மாணவர்களும் ஆர்வலர்களும் எண்ணினர். நாடு முழுவதும் நன்கொடை திரட்டி, 1930களின் பிற்பகுதியில் ஒரு கூடம் எழுப்பினர். அதன் வாயிலில் ‘ஷோட்டோகான்’ என்று பெயர் பொறித்தனர். ‘ஷோட்டோ’ என்பது ஃபுனாகோஷியின் புனைபெயர். பைன் மரங்களில் காற்று மோதி எழுப்பும் அலையோசை என்பது அதன் பொருள். இளமையில் ஷூரிக்கு அருகிலுள்ள குன்றில் உலவியபோது கேட்ட ஓசை அது. எழுபதை எட்டிக்கொண்டிருந்த அம்முதியவரின் மனம் அன்று எவ்வாறு நெகிழ்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1945இல் விமானக் குண்டுவீச்சில் அக்கூடம் எரிந்து சாம்பலாயிற்று. அதே ஆண்டில், தமக்குப்பின் கலையைத் தாங்குவார் என்று நம்பியிருந்த மகன் நோயால் மறைந்தார். மாணவர்கள் பலர் போரில் மாண்டனர். சொந்தத் தீவான ஒகினாவா போர்க்களமாகிச் சிதைந்தது. அங்கிருந்து அகதியாகத் தப்பி வந்த மனைவியுடன் கியூஷு தீவில் சில காலம் வறுமையில் வாழ்ந்தார். 1947இல் மனைவியும் இறந்தார்.

வாசகர்களே! இப்போது அந்த மனிதரின் நிலையைக் கருதிப் பாருங்கள். வயது எழுபத்தொன்பது. மனைவி இல்லை. கலையைத் தாங்குவார் என்று நம்பிய மகன் இல்லை. கூடம் இல்லை. தொடக்கத்தில் நாம் எழுப்பிய கேள்வி இங்கேதான் முழு உருவம் கொள்கிறது. அவருக்கு எஞ்சியது என்ன?

மனைவியின் அஸ்தியுடன் அவர் டோக்கியோவுக்கு ரயில் ஏறினார். வழியிலிருந்த நிலையங்களில் அவரிடம் பயின்றவர்கள் வந்து காத்திருந்தனர். ஆறுதல் சொல்லிச் சென்றனர். போரில் தோற்று, உண்ண உணவின்றி நாடே தவித்த காலம் அது. அந்நாளிலும் ஆசானின் துயரத்தில் பங்குகொள்ள அவர்கள் வந்தார்கள். கைகள் தளர்ந்துவிட்டன, கட்டடம் எரிந்துவிட்டது, ஆனால் கூட்டம் எரியவில்லை! எஞ்சியது அதுவே.

1949இல் அவருடைய மாணவர்கள் ஜப்பான் கராத்தே சங்கத்தை அமைத்தபோது, எண்பது வயது ஆசானையே அதன் தலைமைப் பயிற்றுநராகக் கௌரவித்தனர். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், எண்பத்தெட்டாம் வயதில் அவர் காலமானார்.

இனிமையான செய்தியை மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. ஆசான் மறைந்ததும், அவருடைய இறுதிச் சடங்கை யார் நடத்துவது என்பதிலேயே மாணவர்களிடையே பிணக்கு ஏற்பட்டது. முன்பே இருந்த விரிசல் பிளவாயிற்று. ஒரே ஆசானின் பெயரைச் சொல்லும் பிரிவுகள் தனித்தனி வழியில் சென்றன. குண்டுவீச்சால் அழியாத உறவை ‘நான் பெரியவன்’ என்னும் எண்ணம் அழித்துவிடும் என்பதற்கு இது சான்று. கராத்தேக் கூட்டங்களுக்கு மட்டுமே உரிய நோய் அன்று இது. நம் ஊர்களிலும் சங்கங்களிலும் உடன்பிறந்தாரிடையிலும் இதைக் காணாதவர் யார்?

இவற்றையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும்? இன்று நம் இல்லங்களிலிருந்து ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் கராத்தே வகுப்புக்குச் செல்கின்றனர். டோக்கியோ ஒலிம்பிக்கில் தலைமறைப்புடன் களமிறங்கி வெண்கலம் வென்ற எகிப்தின் ஜியானா ஃபாரூக்கைப் போன்றவர்கள், பெண் பிள்ளைகளின் தயக்கத்தையும் ஓரளவு போக்கியிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் வகுப்பில் சேர்க்கும்போது நாம் கேட்பவை எவை? மாதக் கட்டணம் எவ்வளவு? எத்தனை மாதத்தில் அடுத்த பெல்ட்? போட்டியில் கோப்பை கிடைக்குமா? இவ்வளவே.

இவற்றுடன் வேறு சிலவற்றையும் கேளுங்கள். மூத்த மாணவர்கள் இளையோரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள்? அடிபட்டு உட்கார்ந்த பிள்ளையிடம் அடித்த பிள்ளை ஓடி வருகிறானா? பயிற்சியை முடித்துப் பல்லாண்டுகள் ஆனவர்கள் இன்றும் அந்த ஆசானைத் தேடி வருகிறார்களா? இவற்றுக்கு ‘ஆம்’ என்ற விடை கிடைக்குமானால், சுவரில் கோப்பைகள் இல்லாவிட்டாலும் அதுவே நல்ல கூடம்.

பத்தாம் வகுப்பு வந்துவிட்டது என்று வகுப்பிலிருந்து பிள்ளையை நிறுத்திவிடும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பயிற்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. உறவை அறுத்துவிடாதீர்கள். தேர்வு முடிந்ததும் ஆசானைப் பார்த்து ஸலாம் சொல்லி வரச் சொல்லுங்கள். ஆசான் மாற்றுச் சமயத்தவராக இருந்தால் வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து வரட்டும். உடன் பயின்ற பிள்ளை நோயுற்றிருந்தால் அழைத்துச் சென்று பார்க்கச் செய்யுங்கள். ஊர் மாறிப் போனவனுடன் தொலைபேசியிலேனும் பேசச் செய்யுங்கள்.

கால் உயராத ஒரு காலம் எல்லோருக்கும் வரும். அன்று நம் பிள்ளைகளின் ரயில் நிற்கும் நிலையத்தில் நாலு பேர் காத்திருக்க வேண்டும். அந்த நாலு பேரை இன்றே தேடிக்கொள்ள அவர்களுக்குக் கற்றுக் கொடுப்போம்.