பாசல் நகரத்துப் பூட்டு

அருப்புக்கோட்டையிலே தறிச் சத்தம் ஓய்வதில்லை. திருச்சுழிப் பக்கத்திலே கரிமூட்டத்துப் புகை ஓய்வதில்லை. மழை மட்டும்தான் ஏய்த்து ஏய்த்துப் பெய்கிறது! அந்தக் கரிசல் சீமையிலே, மாலை மயங்கும் வேளையில், மருந்துக் கடை வாசலிலே சற்று நின்று பாருங்கள் தோழர்களே! சீட்டிலே பத்து நாளைக்கு மாத்திரை எழுதியிருக்கும். மடியிலிருந்த கூலியை எண்ணிப் பார்த்துவிட்டு, "மூணு நாளைக்கு மட்டும் குடுங்கண்ணே" என்பார் பாட்டாளி. மீதி ஏழு நாள்? அந்த ஏழு நாளும் நோயின் நாள்!

மருந்தின் விலையை எழுதுகிற கை யாருடைய கை? இதைக் கேட்டால், அரசியல் மேடையிலே மருந்துக் கடைக் கணக்கு எதற்கு என்கிறார்கள் சில மேதாவிகள். உயிரின் விலை அரசியல் இல்லையென்றால், வேறு எதுதான் அரசியல்? ஒரு கம்பெனியின் கதையைச் சொல்கிறோம், கேளுங்கள்.

சுவிட்சர்லாந்து நாட்டிலே, ரைன் ஆற்றங்கரையிலே, பாசல் என்றொரு நகரம். 1896-ஆம் ஆண்டு அங்கே பிறந்தது ரோஷ் கம்பெனி. இருமல் மருந்து விற்றது. பிறகு வைட்டமின் விற்றது. 1960-லே லிப்ரியம், 1963-லே வேலியம் என்று மனக்கலக்கம் தணிக்கும் மாத்திரைகளை விற்றது. உலகம் விழுங்கியது, ரோஷ் கொழுத்தது.

கொழுத்த விதத்தை 1973-லே பிரிட்டிஷ் ஏகபோக விசாரணைக் குழு அம்பலப்படுத்தியது. லிப்ரியத்தின் மூலச் சரக்கு இத்தாலியிலே கிலோ 9 பவுண்டு. அதே சரக்கை, பாசலில் இருந்த தலைமை தன்னுடைய பிரிட்டிஷ் கிளைக்கே 370 பவுண்டுக்கு விற்றது! வேலியத்தின் சரக்கு இத்தாலியிலே 20 பவுண்டு. பிரிட்டிஷ் கிளைக்கோ 922 பவுண்டு! வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவதற்கு இத்தனை விலை ஏன்? பிரிட்டனிலே இலாபமே இல்லை என்று கணக்குக் காட்டலாம். இலாபம் பாசலுக்குப் பறந்துவிடும். இத்தாலியிலே மட்டும் ஏன் மலிவு? அன்று அந்த நாட்டிலே மருந்துக்குக் காப்புரிமை கிடையாது. யாரும் செய்யலாம், போட்டி இருந்தது, விலை விழுந்தது. லிப்ரியம் விலையில் நூற்றுக்கு 60-ம், வேலியம் விலையில் நூற்றுக்கு 75-ம் குறை என்று உத்தரவிட்டனர் பிரிட்டிஷ் துரைத்தனத்தார்.

அதே 1973-லே, ரோஷ் கம்பெனியின் உயர் அலுவலர் ஸ்டான்லி ஆடம்ஸ், வைட்டமின் வாணிபத்திலே நடக்கும் தில்லுமுல்லுகளை ஐரோப்பிய ஆணையத்துக்கு எழுதினார். பரிசு என்ன தெரியுமா? 1974 டிசம்பர் 31-லே சுவிஸ் எல்லையிலே கைது! சிறையிலே அவர் இருந்தபோது, அவருடைய மனைவி தற்கொலை செய்துகொண்டார். உண்மை சொன்னவன் குடும்பம் சிதைந்தது, கம்பெனி சிதையவில்லை. 1999-லே, வைட்டமின் விலையைக் கூட்டுச் சேர்ந்து ஏற்றிய குற்றத்தை அமெரிக்காவிலே ஒப்புக்கொண்டு, 50 கோடி டாலர் அபராதம் கட்டியது இதே ரோஷ்!

மருந்து ஒரு கை. நோயைக் கண்டறியும் சோதனை மற்றொரு கை. பி.சி.ஆர். என்னும் சோதனை முறையின் உரிமையை 1991-லே 30 கோடி டாலருக்கு வாங்கியது. பேரிங்கர் மன்ஹைம் கம்பெனியை 1998-லே தன்னோடு இணைத்துக்கொண்டது. சர்க்கரை அளக்கும் கைக்கருவியைப் பார்த்திருப்பீர்கள். கருவியை ஒருமுறை வாங்கினால் போதும். ஆனால் அதிலே செருகும் ஸ்ட்ரிப்பை ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பெனியிடமே வாங்கவேண்டும். நெசவாளத் தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டுமா? தறியை மலிவாகக் கொடுத்துவிட்டு, நூலை என்னிடம் மட்டுமே வாங்கு என்கிற தந்திரமல்லவா இது!

நம் நாட்டுக்கு வருவோம். 1959-லே நீதிபதி இராஜகோபால ஐயங்கார் அறிக்கை தந்தார். இந்தியாவிலே காப்புரிமைகளில் நூற்றுக்கு 80-க்கு மேல் அந்நியர் கையிலே என்று அது காட்டியது. அதன் வழியிலே வந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம் 1972-லே நடைமுறைக்கு வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே என்றது. இந்தியத் தொழில் வளர்ந்தது, விலை இறங்கியது. உலக வாணிப ஒப்பந்தத்தின் நெருக்கடியாலே 2005-லே அந்தக் கதவு அடைக்கப்பட்டது. ஆனாலும் ஒரு சன்னல் திறந்திருந்தது: 3(டி) பிரிவு. பழைய மருந்தைச் சற்றே திருத்தி, நோயைத் தீர்ப்பதிலே மேம்பாடு காட்டாமல், புதிய காப்புரிமை கேட்காதே என்பதே அதன் சாரம்.

பாசலின் இன்னொரு கம்பெனி நோவார்ட்டிஸ். இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு அது கேட்ட காப்புரிமையை, 2006-லே சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 3(டி) பிரிவே செல்லாது என்று வழக்காடியது. 2007-லே சென்னை உயர்நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1-லே உச்சநீதிமன்றமும் கைவிரித்தது.

ரோஷ் கதையும் அப்படித்தான். முதுகுத்தண்டு நரம்பு நலிவினால் தசை சோர்ந்துபோகும் குழந்தைகளுக்கு ரிஸ்டிப்ளாம் என்றொரு மருந்து. ரோஷ் வைத்த விலை, புட்டி ஒன்றுக்குச் சுமார் 6 லட்சம் ரூபாய்! நாட்கோ என்னும் இந்தியக் கம்பெனி செய்ய முன்வந்தது. தடை கேட்டது ரோஷ். முன்னமே காப்புரிமை பெற்ற பொருளிலிருந்து எளிதில் எட்டக்கூடியதே இது என்ற வாதத்திலே வலுவிருக்கிறது என்று, 2025-லே டில்லி உயர்நீதிமன்றம் தடை தர மறுத்தது. அக்டோபரிலே உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. நாட்கோ வைத்த விலை 15,900 ரூபாய். 6 லட்சம் எங்கே, 15,900 எங்கே! அதுவும் நம் கரிமூட்டத் தொழிலாளிக்கு எட்டாத தொகைதான். ஆனால் அரசு வாங்கித் தர எண்ணினால், எட்டக்கூடிய தொகை.

ஆராய்ந்த விஞ்ஞானியை நாம் பழிக்கவில்லை. அறிவு வாழ்க! அதற்கு ஊதியமும் உண்டு. அந்த அறிவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை ஏலம் விடுகிறார்களே, அதைத்தான் கண்டிக்கிறோம்.

1994-லே அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மூலப்பெயரிலே மொத்தமாக மருந்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. மலிவாக வாங்க முடிவது ஏன்? செய்பவர் பலர் இருப்பதால்! பலர் ஒருவரானால் அங்கே வரும் சீட்டும் சுருங்கும்.

சுவிட்சர்லாந்தை உள்ளிட்ட நான்கு நாடுகளோடு 2024 மார்ச்சிலே டில்லி வாணிப ஒப்பந்தம் செய்தது. முதலில் வந்த கம்பெனியின் சோதனைக் குறிப்புகளைக் காட்டிப் பிறர் அனுமதி பெறுவதைச் சில ஆண்டுகள் தடுக்கவேண்டும் என்ற கோரிக்கையும் அந்தப் பேச்சிலே எழுந்தது. இந்தியா ஏற்கவில்லை; பாராட்டுகிறோம். ஆனால் வாசற்படியிலே மறுத்தவன் கொல்லைப்புறத்தையும் காக்கவேண்டும்!

படிப்பகத்திலே, தேநீர்க் கடையிலே, தறிக்கூடத்திலே இதைப் பேசுங்கள் தோழர்களே! மருந்தின் மூலப்பெயரைக் கேட்டறியுங்கள். 3(டி) என்ற இரண்டெழுத்தை மனத்திலே பொறித்துக்கொள்ளுங்கள். எந்த ஒப்பந்த மேசையிலாவது அதன்மீது கை வைத்தால், முதற்குரல் கரிசல் மண்ணிலிருந்து எழட்டும். பத்து நாள் மாத்திரை எழுதப்பட்டவன் பத்து நாளும் விழுங்கவேண்டும். அதற்குக் குறைந்த எதையும் நாம் ஏற்பதற்கில்லை!